இரவுக் காவற் பதிவேடு

ஆறு மரப்பெட்டிகள்.
கொழும்புத் துறைமுகத்தில் கேட்டார்களாம்,
பாத்திரமா, சிற்பமா, எதற்கென்று வரி போட?
இக்குயோ ஒன்றைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள்.
அடி இல்லை.
உள்ளால் பார்த்தால் அதிகாரியின் மூக்குத் தெரிந்ததாம்.

மொழிபெயர்க்கிற பிள்ளை தர்மிளா சொன்னாள்:
பதினான்கு தலைமுறையாய்த்
தேநீர்க் கிண்ணம் வனைகிற வீடு.
பெண் சூளை வாசலில் நின்றால் தீ கோணுமென்று
தகப்பன் காலம்வரை விலக்கு.
மண் பிசையலாம். விறகு அடுக்கலாம்.
கிண்ணத்தின் அடியில் குடும்ப முத்திரை குத்தலாம்,
ஆயிரம், பத்தாயிரம்.
அதனால்தானோ என்னவோ
இவள் அடியே வைப்பதில்லை.

உரும்பிராயில் யாரோ கிணறு வெட்டிக் குவித்த மண்.
கண்டதும் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாளாம்.
வீட்டுக்காரர் எட்டு உரப்பையில் அள்ளிக் கொடுத்து
காசும் வாங்கவில்லை.
கொக்குவிலில் மின்சூளை, ஆயிரம் பாகை.
ஒன்பது நின்றது, ஒருபக்கம் சரிந்து,
செத்தல் மிளகாய்ச் சிவப்பில்.

கஸ்தூரியார் வீதி மாடி மண்டபத்தில்
நான் இரவுக் காவல்.
பதிவேட்டில் பதினொரு வருடமாய் ஒரே வசனம்:
விசேடமாக ஒன்றுமில்லை.

இரண்டாம் இரவு
டிக்.
பல்லியில்லை, பல்லி ஒருதரத்தோடு விடாது.
டோர்ச் அடித்தேன்.
நாலாவதின் தோளில் நகத்தளவு செதில் தெறித்து
பள்ளத்துக்குள் வெள்ளைப் பொட்டு.
முதலில் வந்தது வேலை போகுமென்ற பயம்.
பிறகுதான் பொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கடித்தது.

பதினெட்டு வயதில் சுண்ணாம்புச் சூளையில் கல் சுமந்தவன் நான்.
வெந்த கல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும்.
குடித்துப் பருக்கும்.
மேலே என்ன இருந்தாலும் தள்ளும்.

விடிய அவளிடம் சொன்னேன்:
சூளையால் எடுத்த கையோடை தண்ணிக்குள்ளை தாட்டிருந்தால்
இது வந்திராது, தங்கச்சி.
அவளுக்குத் தெரியுமாம்.
சின்னதில் மண்ணுக்குள் வெள்ளைக்கல் பொறுக்குவதுதான் வேலையாம்.
ஒரு கல் தப்பினால்
அந்தக் கிண்ணத்தை அவள் பார்க்க உடைப்பாராம் தகப்பன்.
இந்த மண்ணில் ஒன்றையும் பொறுக்கவில்லை என்றாள்.
பிறகு கேட்டாள்,
எத்தனை மணிக்கு?

அன்றிலிருந்து எழுதினேன்.
12.40 ஏழு.
3.05 நாலு, மறுபடியும்.
மழை. மூன்று சத்தம், எதெதென்று தெரியவில்லை.
காலையில் வந்து
பார்வையாளரைப் பார்க்க முதல்
என் கொப்பியைப் பார்ப்பாள்.
விரலால் வரி வரியாய்.

ஒன்பதாவது மட்டும் முழுசாய் நின்றது.
வங்கி மனேஜர் விலை கேட்டார்.
அது இன்னும் முடியவில்லை என்றாளாம்.

நேற்றுப் போய்விட்டாள்.
ஒன்பதாவது என் மேசையில்.
வீட்டுக்குக் கொண்டுபோனால் மனுசி கேட்பாள்,
அடியில்லாததுக்குள் எதை வைக்க?
இங்கேயே இருக்கட்டும்.

2.50. ஈரக்காற்று.
ஒன்பது: இன்னும் இல்லை.