ஜிலேபிக்குப் பாகு

எட்டு மணிக்கு ஜி.எச்.சில் கோகிலவாணிக்கு நைட் டூட்டி.
பகல் தூக்கம் கலைந்து, குளித்து, கொண்டை போட்டு,
வெள்ளைக் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தபின்
சாப்பாட்டுக்கு மிஞ்சுவது ஏழெட்டு நிமிஷம்.
அதுவும் நின்றபடி, ஒரு கண் கடிகாரத்தில்.
முள்ளெடுக்க நேரம் ஏது.
ஆறு மாதமாய் எங்கள் வீட்டில் மீன் இல்லை.

இன்று பட்டறை விட்டு வரும் வழியில்
அம்மாப்பேட்டை முக்கில்
ஐஸ் பெட்டிமேல் மேட்டூர் மீன்.
"ஜிலேபி கெண்டை, காலைல பிடிச்சது" என்றார் இத்ரீஸ் பாய்.
"தோல் இல்லாம, முள் இல்லாம, வெறும் சதையா வேணும்."
"யாருக்கு, பல் முளைக்காத பிள்ளைக்கா?"
"நர்சுக்கு" என்றேன்.
கத்தியை இன்னொரு முறை தீட்டிக்கொண்டார்.
நாலு துண்டு, உள்ளங்கை நீளம்.
தலையையும் நடுமுள்ளையும் தனிப் பையில் கட்டி
"இது குழம்புக்கு" என்று கையில் திணித்தார்.

வீட்டில் விரலால் தடவிப் பார்த்தால்
பாய் தப்பவிட்ட முள் மூன்று.
கொலுசில் சலங்கை கோக்கும் சின்னக் குறடு
சட்டைப் பையிலேயே இருந்தது.
பகலெல்லாம் பூட்டிப் பூட்டிப் பழகியது
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியது.

பெயரிலேயே பக்குவம் இருக்கிறதே,
ஜிலேபி என்றால் பாகு வேண்டாமா.
பாதி அச்சு வெல்லம், கோலிக்குண்டு அளவு புளி,
நாலு பல் பூண்டு,
ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராகப் போகும் மச்சான்
போன வாரம் கொடுத்த மிளகு.
பூரிக்கட்டையால் நசுக்கினேன்.
அவன் கொண்டுவந்த ஆரஞ்சில் கடைசி ஒன்று
தோல் சுருங்கிக் கிடந்தது. அதையும் பிழிந்தேன்.

நல்லெண்ணெயில் மீன் ஒருபுறம் சிவக்க
முதல் கரண்டிப் பாகு வழுக்கி ஓடியது.
இரண்டாவதும்.
குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.
அடுப்பைக் குறைத்துவிட்டு
சும்மா நின்றேன்; அதுதான் கஷ்டமாக இருந்தது.
குமிழிகள் பெருத்துச் சோம்பேறியாகி
கரண்டியின் முதுகில் பாகு தங்கத் தொடங்கியது.
மறுபடி ஊற்ற
ஓடாமல் படிந்தது.
டியூப்லைட் அதன்மேல் ஒரு வெள்ளைக் கோடாய் விழுந்தது.
வெள்ளியில் அந்தக் கோடு வர
பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அரைமணி தேய்க்கவேண்டும்.

ஒரு துண்டு ஓரம் கரிந்துவிட்டது. அது எனக்கு.

முதல் வாயை ஜாக்கிரதையாக மென்றாள்,
நாக்கு பழக்கத்தில் முள்ளைத் தேட.
இரண்டாவதை வேகமாக.
"இனிக்குது, உறைக்குது, என்ன மீனு இது?"
சொன்னேன்.
சிரித்ததில் புரையேறி, தண்ணீர் குடித்து,
மணி ஏழு நாற்பது ஆகிவிட்டது.
போகிற போக்கில் என் தட்டிலிருந்த
கரிந்த ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.
அதுதான் நன்றாக இருக்கிறதாம்.

செருப்பு மாட்ட என் கையைப் பிடித்தவள்
விடுவதற்கு முன் முகர்ந்து பார்த்தாள்.
"இன்னைக்குத்தான் பூந்திக்கொட்டை நாத்தம் இல்ல."

ஸ்கூட்டியின் சிவப்பு விளக்கு சந்து திரும்பியது.
வாணலியில் ஊறும் தண்ணீர் மெல்லப் பழுப்பாகிறது.
பிரிட்ஜில் தலையும் நடுமுள்ளும்.
நாளை ஞாயிறு, எனக்கும் பட்டறை இல்லை.
அவள் வந்து தூங்கி எழட்டும்,
முள்ளோடு சாப்பிடலாம்.