மூன்று நடை

குரல்களைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
ரொட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கறுப்பு ரொட்டி, கேஃபிர், டார்ச்சுக்கு பேட்டரி.
தார்த்துவில் ஆற்றுப் பாலம் ஏறும்போது
மூன்றும் இருந்தன.
எதிரே ஒரு நாய் குரைத்தது.
இறங்கும்போது
நாய் மட்டும் இருந்தது.

"நீ மெனக்கெடுவதே இல்லை" என்பாள் அக்கா மாரிகா.
காலிப் பையை உதறி உதறிக் காட்டுவாள்.

பிப்ரவரியில் ஸ்கேன் குழாய்க்குள் படுத்தேன்.
தலைமேல் யாரோ தகரம் அடிக்கும் சத்தம்.
திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாய்.
இரண்டுக்கு முன் வந்ததே திரும்பி வந்தால்
பொத்தானை அழுத்த வேண்டும்.
கே. எம். கே. அழுத்தினேன்.
எம்... இது வந்ததா, இனிமேல்தான் வருமா?
மூன்றுக்கு முன் என்றதும்
விட்டுவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டர் ஹெல்வி படத்தைத் திருப்பிக் காட்டினார்.
எளிய சுற்றில்
மற்றவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் ஒரு கங்கு.
எனக்கு அடுப்பே எரிந்துகொண்டிருந்தது.
கடினமான சுற்றில் சாம்பல்.

மாரிகா நெடுநேரம் அந்தச் சிவப்பையே பார்த்தாள்.
"இவ்வளவும் ரெண்டு எழுத்துக்கா?"
வேறொன்றும் சொல்லவில்லை. கோட்டைத் தேடினாள்,
கையிலேயே இருந்தது.

இப்போது ஒரு நடைக்கு ஒரு சாமான்.
ரொட்டிக்கு ஒன்று. கேஃபிருக்கு ஒன்று.
பேட்டரிக்குக் கிளம்புகையில் பனியில்
போனதும் வந்ததுமாய் பூட்ஸ் தடங்கள்.
யாரோ நிறைய வேலை உள்ள ஆள்
இந்தப் பக்கம் குடியிருக்கிறான்.