பூஜ்யத்துக்குக் கீழே ஒட்டிய தாள்

ஆயிரத்து ஐந்நூறு குதிரைகள் என்று
இன்ஜின் தகட்டில் பொறித்திருக்கிறது.
அவற்றில் எத்தனை மெய்யாகவே வண்டி இழுக்கின்றன
என்று எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வில்ட்ஷயர். யுத்தத்தின் நாலாவது மார்ச்.
தகரக் கொட்டகையில் பாரஃபின் அடுப்பு
ஒரு முழங்காலை மட்டும் சுடவைக்கிறது.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
ஸ்லைடு ரூலை நகர்த்துகிறேன்.
வேகம் இரட்டித்தால் உந்துவிசை பாதி.
அதே தீனி, அதே வியர்வை,
ஆனால் முன்னே ஓடும் காற்றை எட்டிப் பிடிப்பதற்கே
மூச்சு செலவாகிவிடுகிறது.

லியோனல் ட்ராஸ்க் முப்பதாயிரம் அடியில்
மூக்கைக் கவிழ்க்கிறான்.
மூன்று டன் எடை, நாற்பத்தைந்து பாகைச் சரிவு.
பூமி தன் பங்குக்கு இரண்டு டன்னுக்கு மேல் இழுக்கிறது,
கணக்கு கேட்பதில்லை.
புரொப்பெல்லர் தருவது நானூறு கிலோ.
கொஞ்சம் கீழே, முந்நூறு.
பிறகு அலகுகளின் நுனி ஒலியை முந்துகிறது,
விலக நேரமில்லாத காற்று கெட்டிப்படுகிறது,
குதிரை தேய்ந்து கட்டெறும்பாகிறது.

நூற்றிருபதில் என் பென்சில் நின்றது.
காற்றுச் சுரங்கத்து அளவுகள் அதோடு சரி.
அதற்கப்பால் புள்ளிக்கோடு போட்டேன்,
பூஜ்யத்தைத் தொடாமல், மேலாகவே,
விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிடும் மரியாதையோடு.

ட்ராஸ்க் வந்தான். கன்னத்தில் முகமூடியின் தழும்பு.
தொடையில் கட்டிய அட்டையில் நடுங்கிய எண்கள்.
"முழுக்கத் திறந்துதான் வைத்திருந்தேன், மிஸ் கோப்ளி.
ஆனாலும் கடைசியில்
யாரோ மூக்கில் உள்ளங்கை வைத்துத் தடுத்த மாதிரி."
உள்ளங்கைக்கு அளவை கிடையாது என்றார் அட்வூல்,
தலை நிமிராமல்.

அட்டையில் இன்னொன்றும் இருந்தது:
அலகுகள் திரும்பும் மட்டும் திரும்பி முட்டிய பிறகு
சுற்று, சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.
இன்ஜினுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.
அப்படியானால் சுழற்றியது யார்?

சனிக்கிழமை தம்பியின் சைக்கிளில் வீடு திரும்பினேன்.
பந்தயச் சைக்கிள், பின்சக்கரமும் பெடலும்
பிரியாமல் பூட்டியது.
மால்டாவுக்குப் போகும்போது விட்டுப்போனான்,
பிரேக்கைச் சரிசெய்யாமல்.
சுண்ணாம்புக் குன்றின் உச்சியில்
நான் பெடலை மிதித்தேன்.
நடுச்சரிவில் கால் சும்மா கூடவே போனது.
தேவாலய மதில் தெரிந்தபோது
பெடல் என்னை மிதித்துக்கொண்டிருந்தது.
சக்கரம் என் முழங்காலை ஓட்ட,
பயத்தில் முழங்கால் எதிர்த்து விறைக்க,
குன்றுதான் இரண்டுக்கும் கூலி கொடுத்தது.

நானும் தள்ளாமல், அதுவும் தள்ளாமல்
ஒரு கணம் இருந்திருக்க வேண்டும்.
எந்த வேலியோரம் அதைக் கடந்தேனோ,
தெரியவில்லை.

விழவில்லை. பாவாடை கிழிந்தது.

திங்களன்று புள்ளிக்கோட்டை அழித்தேன்.
வளைகோடு பூஜ்யத்தை வெட்டிக் கீழே இறங்கியது,
இறங்கிக்கொண்டே போனது,
தாளில் இடம் தீர்ந்தது.
மாவுப்பசை காய்ச்சி இன்னொரு தாளை ஒட்டினேன்.
அட்வூல் வெகுநேரம் பார்த்தார்.
"கோணலாக ஒட்டியிருக்கிறாய்" என்றார்.
கையெழுத்துப் போட்டார்.

வியாழன் ட்ராஸ்க் மறுபடி ஏறினான்.
என் வளைகோடு பூஜ்யத்தை வெட்டும் வேகத்தில்
இன்ஜினை மூடிப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தான்.

இப்போது மேலே அலறல்.
டைப்பிஸ்ட் பெண்கள் ஜன்னலுக்கு ஓடி
எவ்வளவு பலம் என்கிறார்கள்.
எனக்குக் கேட்பது வேறு:
ஆயிரத்து ஐந்நூறு குதிரைகளும் பின்னங்கால் ஊன்றி,
வரமாட்டோம் வரமாட்டோம் என்று மண்ணைக் கீற,
பூமி அவற்றைக் கயிறு போட்டு இறக்குகிறது.

சத்தம் சட்டென்று மெலிகிறது.
மூடிவிட்டான்.
ஸ்லைடு ரூலின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தபடி
எண்ணுகிறேன். ஏழு. எட்டு.
அவன் மூக்கை நிமிர்த்த வேண்டியது
பதினொன்றில்.