வறட்சிக்கு முதலிடம்

ஒஸ்ட்ராவா. நவம்பர்.
நிலக்கரி தின்று முடித்த ஊர்.
அரங்கின் பின்வாசலில் துண்டுகள் எல்லாம்
பழுப்பாகத் தொங்குகின்றன,
சாயம் பூசிய முதுகுகளைத் துடைத்தவை.
ஒருவன் பொரியரிசி வில்லையில் தேன் தடவி
நக்கிவிட்டு வைக்கிறான்.
தண்ணீர்ப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில்.
மூடியை மட்டும்
திறக்கிறான், மூடுகிறான், திறக்கிறான்.

எனக்கு நான்காம் நாற்காலி.
இருபத்தோரு ஆண்டுகளாக நடுவர்.
அதற்கு முன் அந்த வெளிச்சத்தில் நானும் நின்றிருக்கிறேன்.
உதடு பல்லோடு ஒட்டிக்கொள்ளும்.
சிரிப்பு வழுக்கிவர
பல்லில் வாசலின் தடவுவோம்.

எங்கள் தாளில் நான்கு கட்டங்கள்:
பருமன், சமச்சீர், பிரிவு, வறட்சி.
வறட்சி என்பது எங்களிடம் பாராட்டு.
தோலுக்கும் தசைக்கும் நடுவில்
ஈரம் பேருக்கும் இல்லாத நிலை.
நாடு வறண்டால் தண்ணீர் லாரி அனுப்புவார்கள்.
மனிதன் வறண்டபோது
நாங்கள் கோப்பை அனுப்பினோம்.

ஓத்மார், எண் பதினேழு.
டிராம் பணிமனையில் சக்கரம் மாற்றுகிறவன்.
அவன் பின்தொடையில்
ஒவ்வொரு நாரையும் எண்ணலாம்.
எண்ணினேன்.
வறட்சிக் கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன்.
கோப்பை வாங்கக் குனிய முடியவில்லை அவனால்.
வெற்றித் திமிர் என்று சிரித்தோம்.
காகிதப் பூக்கள் அவன் தோளில் ஒட்டிக்கொண்டன.
ஒன்பதாம் நாள் சிறுநீரகம், பிறகு இதயம்.
பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது
அவன் மனைவி ஸ்டென்கா கேட்டது ஒன்றுதான்:
"நீங்கள் அவருக்கு எத்தனையாம் இடம் போட்டீர்கள்?"
"முதலிடம்" என்றேன்.
கதவு மெதுவாகத்தான் மூடியது.

அந்தத் தாள் ஆறு ஆண்டுகளாக என் பையில் இருக்கிறது.
போன வசந்தத்தில்
பீர் வாடை போகாத விடுதி அறையில்
ஏழு பேர் நடுவே அதை விரித்துவைத்தேன்.
மெய்க்கு நான்கு கட்டம் இருக்கிறது,
உயிருக்கு ஒன்றுகூட இல்லையே என்றேன்.
"நாம் என்ன ஆஸ்பத்திரியா?" என்றார் தலைவர்.
"பூதம் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்"
என்றது ஜன்னலோர நாற்காலி.
நான்குக்கு மூன்று.
இதயப் படமும் ரத்தச் சீட்டும் இல்லாதவனுக்கு எண் இல்லை.
உப்பிய வயிற்றுக்குக் கழிவு.
யார் எத்தனை போட்டார் என்பது
பெயரோடு அன்றிரவே சுவரில் ஒட்டப்படும்.
மேடைப் படியிலிருந்தும்
மருத்துவர் ஒருவனைத் திருப்பி அனுப்பலாம்.

ஒன்றில் மட்டும் தோற்றேன்.
வறட்சியை அடிக்கச் சொன்னேன்;
அடித்துவிட்டு 'தெளிவு' என்று எழுதினார்கள்.
பேர் மாற்றினால் பேய் போய்விடுமா?

இன்று மாலை
மருத்துவர் ஹெட்விகா படியோரம் முக்காலி போட்டு
உட்கார்ந்திருந்தார், பின்னலூசி சகிதம்.
விலேம் வந்தான். எல்லோரும் வெல்வான் என்றவன்.
கைப்பட்டை அவன் புயத்தைச் சுற்றி எட்டவில்லை.
தொடைக்கான பட்டை கொண்டுவந்தார்கள்.
இரண்டு முறை அளந்தார்.
பிறகு, சட்டைப் பொத்தான் கழற்றும் அம்மா மாதிரி,
அவன் இடுப்பிலிருந்த எண்ணைக் கழற்றிக்கொண்டார்.

குப்பைத்தொட்டி உருண்டது.
கூட்டம் விசிலடித்தது.
ஸ்லோவாக்கியப் பையன் ஒருவன் ஜெயித்தான்,
சிறுத்த இடை, மூச்சு வாங்காத நிற்பு.
கைதட்டல்
தகரக் கூரையில் விழும் முதல் தூறல் அளவுக்கு.
என் பெயரும் என் எண்களும் சுவரில் இருக்கின்றன.
ஒருவன் அதைக் கைப்பேசியில் படமெடுக்கிறான்,
நாளைக்கு வசைபாட.

கை கழுவப் போனேன்.
குழாயடியில் விலேம்,
வாயைக் குழாய்க்கே கொடுத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.
தாடை, கழுத்து, நெஞ்சு என்று
தண்ணீர் இறங்கிய வழியெல்லாம் பழுப்பு கரைந்து
வெளிறிய சொந்தத் தோல்.
நிமிர்ந்து என்னை முறைத்தான்.
முறைக்கட்டும்.
துடைத்துக்கொள்ளாமல்
மறுபடி குனிந்தான்.
குனிய முடிந்தது.