நாற்பது புள்ளிப் பாண்

விளையாட்டில் இதற்கு மூன்று வினாடி.
மா, தேன், ஒரு பிடி நிலாப்பாசி.
பொத்தானை அமத்தினால் ஒரு மணிச் சத்தம்,
நாற்பது உயிர்ப்புள்ளி.

லாங்கென்தாலில், மூன்றாம் மாடியில்
நேற்றிரவு ஒன்பதரைக்குத் தொடங்கினேன்.
பத்துக்குப் பிறகு மாவை மேசையில் அறைந்தால்
கீழ்வீட்டு ஏகர்ட்டர் அம்மா
தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார்.
சட்டியை மடியில் வைத்து
களவெடுக்கிறவள்போலப் பிசைந்தேன்.
பொங்குகிறதா என்று மூன்று தடவை எழும்பிப் பார்த்தேன்.

நிலாப்பாசி எந்தக் கடையிலும் இல்லை.
முருங்கையிலைத் தூள் போட்டேன்.
நிறம் சரி.
ருசி கடவுளுக்கே வெளிச்சம்.

ஏன் இந்தப் பாடு என்றால்,
போன மாசியில், சதுப்புக் காட்டில்
இரண்டே புள்ளி மிச்சமாக நான் ஓட,
நரிமுகம் போட்ட ஒருவன்
தன் கடைசிப் பாணை என் காலடியில் போட்டுவிட்டு
ஓநாய்களுக்கு இரையானான்.
பெயர் ரெட்டோ என்பதே
சென்ற கிழமைதான் தெரியும்.

இன்று ஒல்டன் ஸ்டேஷன்.
நரிமுகம் இல்லை. மூக்குக் கண்ணாடி, தடிமன்,
இடக்கையில் ஒரு கட்டு.
குரலில் மட்டும் தெரிந்தவர்கள்
முகத்தை எங்கே பார்ப்பது?
துணியை அவிழ்த்தேன்.
அடி கருகி, நடு குழிந்து, பச்சையாக
சதுப்பிலிருந்தே தோண்டி எடுத்ததுபோல.

பிய்த்து வாயில் போட்டான்.
மென்றான்.
லுசேர்ன் ரயில் வந்து, நின்று, போனது.
இன்னும் மென்றான்.

“எத்தனை புள்ளி?”

தொண்டையைச் செருமி
“மைனஸ் மூன்று” என்றான்,
அடுத்த துண்டுக்குக் கையை நீட்டியபடி.