எழுபதில் நிற்கும் முள்

பெட்டிக்குப் பூட்டு உண்டு.
சுண்டுவிரல் நகமளவு பித்தளை.
சாவியில் சிவப்புப் பட்டுக் குஞ்சம்,
பார்த்தால் திருடனுக்கே சிரிப்பு வரும்.

துபாய் மைத்துனன் கொண்டுவந்தது.
தேவதாரு வாசம், கண்ணாடி பதித்த மூடி,
உள்ளே ஈரம் காட்டும் ஒரு முள்.
எழுபதில் நின்றால் சுருட்டு உயிரோடிருக்கும் என்றான்.
மதுரையில் எழுபது என்பது
ஐப்பசியில் மூன்று நாள்.

கீழவாசலில் லாரி புக்கிங் ஆபீஸ் எனக்கு.
இரும்பு பீரோவுக்குள் ரொக்கம்,
பீரோவின் தலையில் இந்தப் பெட்டி.
வருஷா வருஷம் மைத்துனன் நிரப்புவான்.
புது லாரி எடுத்தால் நான் ஒன்று பற்றவைப்பேன்,
எடுக்காவிட்டால் அதுவும் இல்லை.

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக
ஆனியில் எண்ணினேன், இருபத்தைந்து.
ஆடியில் இருபத்தியொன்று.
நான் குடித்தது ஒன்று.
பூட்டு பூட்டியபடியே இருந்தது.

கிளார்க் பிச்சைக்கனி வெற்றிலைகூடப் போடமாட்டான்.
லோடுமேன் வெயிலுகந்தான் ஒரு பீடி இழுத்தால்
விளக்குத்தூண் வரை இருமல் கேட்கும்.
பெருக்க வருகிற ராக்காயி
பெட்டியைத் துடைப்பாள், அவ்வளவுதான்.
இரவுக் காவல் சோணை. தூங்குவான்.

அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போய்
பதினெட்டாம்படியில் நிறுத்துங்க எல்லாரையும் என்றான் கிளார்க்.
அங்கே கதவுதான் கருப்பன்.
சந்தனம் அப்பிய அந்த மரத்துக்கு முன்னால்
பொய் சொல்ல நாக்குப் புரளாது.
எனக்குத்தான் கூச்சம்.
கருப்பனுக்கே சுருட்டு படைக்கிற ஊரில்
மூன்று சுருட்டுக்கு ஒரு சத்தியமா?

திண்டுக்கல்லுக்கு எடுத்துப்போனேன்.
பூட்டும் சுருட்டும் அந்த ஊர்ச் சரக்கு.
சவரிமுத்து ஒரு ஹேர்பின்னை நேராக்கி
மகள் கல்யாணச் செலவு சொல்லிக்கொண்டே திறந்துவிட்டார்.
"இது பூட்டு இல்ல சார்,
என்னுதுன்னு எழுதி ஒட்டுன சீட்டு.
படிக்கத் தெரிஞ்சவன் தொடமாட்டான்.
தெரியாதவன் பெட்டியோட தூக்கிருவான்.
உங்க ஆளு ரெண்டுலயும் சேத்தி இல்ல.
எடுத்துட்டுத் திரும்பப் பூட்டிருக்கான் பாருங்க."

இருந்தும் கேட்டேன், போட்டுக் கொடுத்தார்.
நாதாங்கி, நான்கு திருகாணி,
அரைக்கிலோ மாங்காய்ப் பூட்டு.
பட்டுப்புடவைக்கு மேல்
போலீஸ் பெல்ட் கட்டியதுபோல் இருந்தது.
சாவி என் அரைஞாண் கயிற்றில்.

பங்குனியில் புது லாரி வந்தது.
பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி,
வேர்வையோடு வந்து திறந்தேன்.
இருபத்தியொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.
ஜெயித்த விரலால் ஒன்றை எடுத்தேன்.
நொறுங்கியது, அப்பளம் மாதிரி.
அடுத்ததும்.
முள் முப்பத்திரண்டில் கிடந்தது.

போனில் மைத்துனன் கேட்டான்:
தண்ணி ஊத்துனீங்களா மாமா?
பதினைந்து நாளுக்கு ஒருதரம் ஊற்றணுமாம்.
இரண்டு வருஷம் நான் ஒரு சொட்டு ஊற்றியதில்லை.
முள் எழுபதிலேயே நின்றது.
நல்ல பெட்டி என்று நினைத்திருந்தேன்.

பீரோவை நகர்த்தினேன்.
பின்னால் பேட்டரித் தண்ணீர் கேன் ஒன்று, பாதி.
அதன் கழுத்தில் நூல் கட்டித் தொங்கியது
ஊசி இல்லாத சிரிஞ்ச்.
சிரிஞ்சின்மேல் ஏழு மாதத் தூசி.

யாரையும் கேட்கவில்லை.
நாதாங்கியைக் கழற்றினேன்.
மாங்காய்ப் பூட்டு இப்போது மேஜைமேல்
பில்புக் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது,
அதற்கென்றே வார்த்ததுபோல.
குஞ்சச் சாவியைப் பெட்டியிலேயே தொங்கவிட்டேன்.

திங்கட்கிழமை முள் நாற்பத்தொன்று.
வியாழன் ஐம்பத்தாறு.
திருகாணி போன நான்கு ஓட்டையிலும்
யாரோ மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்,
விரலால் தேய்த்து, மட்டமாக.

உள்ளே ஒன்று குறைந்திருந்தது.
நான் எண்ணவில்லை.
சும்மா பார்த்தேன்.