மூன்று துண்டுச் செங்கோல்

ஆயரின் செங்கோலை மூன்றாய்க் கழற்றலாம்.
தூண்டில் பையில் போட்டு நான்தான் சுமக்கிறேன்.
கூம்புத் தொப்பி பிஸ்கட் டப்பாவில்.
தெற்குச் சிலேயில் தீவுக்குத் தீவு
இப்படித்தான் போகிறது மறைமாவட்டம்:
மழை, டீசல் நாற்றம்,
காலடியில் யாருடையதோ உருளைக்கிழங்கு மூட்டை.

படகோட்டி நோல்ஃபா உயிச்சபானி
ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை.
கால்வாய் நடுவில் எஞ்சினை அணைத்தாள்.
"இங்கேதான் போனான் என் புருஷன்.
பதினோரு வருஷம். உடல் கிடைக்கவில்லை.
அடக்கப் பூசை கேட்டு எழுதினேன்.
காத்திருக்கச் சொல்லிப் பதில் வந்தது.
கீழே உங்கள் கையெழுத்து."

ஆயர் என்னைப் பார்த்தார்.
நான் அலையைப் பார்த்தேன்.
அந்த வாரம் நான் தட்டச்சு செய்த
நாற்பது கடிதங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

"நினைவில்லை அம்மா."
"தெரியும்."
கயிற்றை இழுத்தாள். மூன்றாம் இழுப்பில்தான் பிடித்தது.
அந்த இரைச்சலில்
அவன் பெயரை ஆயர்
இரண்டு முறை கேட்கவேண்டி வந்தது.

தகரக் கோயிலில் உறுதிபூசுதலுக்கு நான்கே பிள்ளைகள்.
மூன்றாமவன் நெற்றியில்
எண்ணெய்க் கட்டைவிரலை வைத்து
"அலாதீனோ" என்றார்.

"நான் இஸ்மாயேல்," என்றான் பையன்.
முன்வரிசை சிரித்தது.
வாசலில் ஈரக் கையுறையைப்
பிழிந்துகொண்டிருந்தவள்
பிழிவதை நிறுத்தினாள்.

திரும்பும்போது கடல் இன்னும் மோசம்.
செங்கோலின் நடுத்துண்டைக் கோயிலிலேயே
மறந்துவிட்டு வந்திருந்தேன்.
அவர் திட்டவில்லை.
கால்வாய் நடுவில் இந்த முறை
எஞ்சினை யாரும் அணைக்கவில்லை.
வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.